வடக்குப் பால்கனியில் அவரை

"ஏட்டி, வெயில் எந்தப் பக்கமிருந்து வரும்?"

புது வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி அது. இடுப்பில் மஞ்சள் செடி வைத்த பெயிண்ட் வாளி. செருப்பை வாசலில் விட்டவள், நான் ஆசையாகக் காட்ட நினைத்திருந்த சமையலறையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே பால்கனிக்குப் போனாள். வாளியை இறக்கினாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"சில்லுன்னு இருக்கு," என்றாள்.

மணி பதினொன்று இருக்கும். துர்கா பூஜை முடிந்து, தெருவெல்லாம் பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம். கல்கத்தாவுக்குள்ளேயே டாக்குரியாவிலிருந்து சால்ட் லேக்குக்கு எங்கள் சாமான்கள் ஒரு சின்னச் சரக்கு வண்டியில் வந்தன. தமிழ்நாட்டில் அதைக் குட்டி யானை என்பார்களாமே, இங்கேயும் அதற்கு 'சோட்டோ ஹாத்தி' என்றுதான் பெயர். யானையின் முதுகில் பாதி கட்டில், பீரோ. மீதிப் பாதி அம்மாவின் வாளிகள்.

"தீதி, வீடு மாத்துறீங்களா, நர்சரி மாத்துறீங்களா?" என்று டிரைவர் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீடு என் பெயரில் எழுதிய வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதையும் நான்தான் வரையக் கற்றுக்கொடுத்தேன். வீட்டு ஒப்பந்தம் நாற்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். வரி விடாமல் படித்து, இரண்டு இடத்தில் பிழை கண்டுபிடித்து வக்கீலையே திருத்த வைத்தவள் நான்.

வெயில் எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் பார்க்கவில்லை.

"அந்தக் காயிதத்துல அது போடலியோ?" என்று அம்மா கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவ்வளவு பெரிய காகிதத்தில் வெயிலைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

இந்தத் தொடரில் போன வாரம் அப்பாவின் தோசைக் கல்லைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. என்னைப் பத்தி மட்டும் எழுதிராதே," என்றாள். அதனால் இந்த வாரம் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

மீன் பெட்டித் தோட்டம்

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்புறம் மாஷிமாவின் மூன்று மாடி வீடு. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இங்கே வீட்டுக்கார அம்மாளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறையும் தகரம் போட்ட சமையலிடமும் எங்களுக்கு. அப்பா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் டிபன் கடையில் தோசை மாஸ்டர். கோவில்பட்டியிலிருந்து அவர் வந்து, பிறகு அம்மா வந்து, பிறகு நான் பிறந்தேன்.

மாடியில் அடிக்கிற வெயிலை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அம்மா செடி வைக்க ஆரம்பித்தாளாம். மண், பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து. தொட்டிக்குப் பழைய பெயிண்ட் வாளி. கீரைக்கு மட்டும் மீன் பெட்டி.

மீன் சந்தையில் ஐஸ் வைத்து மீன் வருகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகளைச் சொல்கிறேன். கடைக்காரர்கள் தூக்கிப் போடுவதை அம்மா பொறுக்கி வருவாள். சோப்புப் போட்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தாலும் வாடை போகாது. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி மாடிக்கு வந்துவிட்டு, "நீங்கள் சாம்பார்தான் சாப்பிடுவீர்கள் என்று நினைத்தேன், ஹில்சா மீன் வாசனை அடிக்கிறதே," என்றாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அம்மாவுக்கு அந்தப் பெட்டிமேல் ஒரு குறையும் இல்லை. தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜைக்கு விதைத்தால் மார்கழிக்குள் பாலக்கும் கொத்தமல்லியும் கடுகுக் கீரையும் பெட்டி தெரியாமல் மூடிவிடும்.

குளிர்காலத்தில் நான் பள்ளி விட்டு வந்தால் சாப்பாடு அறையில் கிடையாது. மாடியில் பாய் விரித்திருக்கும். அப்போதுதான் கிள்ளிய கடுகுக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து, சோற்றின் நடுவில் குழி பறித்து ஊற்றுவாள். முதுகில் வெயில், வயிற்றில் சூடு. ரயில் போகும்போது தட்டு லேசாக அதிரும். கடுகெண்ணெயில் கடுகு தாளிக்கிற தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான் இருப்போம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அம்மாவின் பெருமை அவரை. கோவில்பட்டியிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கோடு ஓடும் பட்டை அவரை. ஆடியில் ஊன்றினால் ஐப்பசியில் மாடிக் கம்பி முழுக்க ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழே மாஷிமாவின் பால்கனிவரை தொங்கும்.

மாஷிமா தினமும் மீன் கழுவிய தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியேறி வந்து அதன் வேரில் ஊற்றுவார். முதலில் அம்மா முகம் சுளித்தாள். அந்த வருஷம் காய்த்த காய்ப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"பார்த்தாயா லொக்கி, உன் கொடி பெங்காலி ஆகிவிட்டது. மீன் இல்லாமல் அதற்குச் சாப்பாடு இறங்காது," என்பார் மாஷிமா. லட்சுமி என்ற அம்மாவின் பெயர் அவர் வாயில் லொக்கி.

ஒரு கொடி, இரண்டு அடுப்பு

பொங்கலன்று விடியலில் மூன்று செங்கலை வைத்து மாடியிலேயே பானை ஏற்றுவோம். கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து எங்கள் வாளியிலிருந்து. இனிப்புக்கு இங்கே அந்த மாதத்தில் கிடைக்கிற பேரீச்சை வெல்லம், நொலேன் குர். புகைவாசமும் தேன்வாசமும் சேர்ந்த அந்தப் பொங்கலைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, கோவில்பட்டியில் மாமா வீட்டுப் பொங்கல் ஏதோ குறைவது போலவே இருக்கும்.

பொங்கலோடு ஏழு காய்க் குழம்பு. பூசணி, கத்தரி, சர்க்கரைவள்ளி, வாழை எல்லாம் சந்தையில் வாங்கலாம். அவரை மட்டும் வீட்டுக் கொடியில் அன்று காலை பறித்ததாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நார் உரித்து, ஒடித்துப் போடுவாள். அந்த 'டப்' சத்தம்தான் எனக்கு இன்றும் பொங்கல்.

பொங்கல் கழிந்து சில நாளில் சரஸ்வதி பூஜை வரும். அதற்கு மறுநாள் மாஷிமா வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். முந்தின சாயங்காலமே வேகவைத்ததைக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். கோட்டா ஷேத்தோ என்று பெயர். குட்டிக் கத்தரி, குட்டி உருளை, பட்டாணி, அவரை, எல்லாவற்றிலும் ஆறாறு. எதையும் வெட்டக் கூடாது, கிள்ளக் கூடாது, காம்புகூடப் போகக் கூடாது. முழுசாக வேகவேண்டும். அம்மாக்கள் தங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று சாப்பிடுவது.

இது தெரியாமல் முதல் வருஷம் அம்மா ஒரு காரியம் செய்தாள். மாஷிமா கேட்டனுப்பிய ஆறு அவரைக்காயை, வயசானவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, நார் உரித்துப் பொடியாக நறுக்கி, கிண்ணத்தில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாஷிமா கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"லொக்கி! என் பிள்ளையை ஆறு துண்டாக்கி விட்டாயே!"

அம்மா பயந்து அழுதேவிட்டாளாம். அதைப் பார்த்து மாஷிமாவும் அழ, கடைசியில் இரண்டு பேருமாக மாடியேறி டார்ச் அடித்து வேறு ஆறு காய் தேடினார்களாம். அன்றிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் தொங்குகிற கொடியை அம்மா தொடமாட்டாள். அது மாஷிமா பக்கம்.

மறுநாள் கிண்ணத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு வரும். உப்புத் தவிர ஒன்றும் இல்லாத, ஆறிப்போன முழு அவரை. அம்மாவுக்குத் தொண்டையில் இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

"பிடிக்கலேன்னா ஏம்மா சாப்பிடுறே?"

"உன் பரிட்சைக்குடி. பேசாம படி."

நான் படித்துக்கொண்டேதான் இருப்பேன். அவள் நார் உரிக்கும்போதும், மாசியில் நெற்றை உடைத்து விதை பிரிக்கும்போதும், நல்ல விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடியும்போதும், பக்கத்தில் சுவரில் சாய்ந்து ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் இருப்பேன். உதவி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "அவ படிக்கிறா," என்று வருகிறவர்களிடம் தணிந்த குரலில் சொல்வாள், தூங்குகிற பிள்ளையைக் காட்டிச் சொல்வதுபோல.

வெளிச்சம் வேறு

நான் கல்லூரியில் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். எனக்கு சால்ட் லேக்கின் செக்டார் ஃபைவில் வேலை கிடைத்தது. மாஷிமாவின் வீட்டைப் புரமோட்டர் எடுத்து இடித்துக் கட்டப்போகிறார் என்றானபோது, அம்மாவை ராணி மாதிரி வைக்கவேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து வாங்கியது இந்த பிளாட்.

பார்க்க வந்தது ஆனி மாதம், காலை ஏழு மணி. பால்கனியில் வெயில் இருந்தது. "கூப் ஆலோ," என்றார் தரகர். நல்ல வெளிச்சம். பொய் சொல்லவில்லை. வடக்குப் பார்த்த பால்கனியில் கோடையில் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கும், ஐப்பசிக்குப் பிறகு வெளிச்சம்தான் இருக்கும், வெயில் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அம்மாவைக் கூட்டிவந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பாள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கூட்டிவரவில்லை.

அந்தக் குளிர்காலம் ஊன்றிய விதை முளைத்தது. வெளுத்த இலையோடு கம்பியில் ஏறியது. பூக்கவில்லை. பொங்கலுக்குச் சந்தை அவரை வாங்கி வந்தேன். அம்மா நார் உரித்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. "நல்லா இருக்கும்மா," என்றேன். "ம்," என்றாள்.

அடுத்த வருஷம் ஆடியிலேயே ஊன்றினாள். நான் சும்மா இருக்கவில்லை. மொட்டைமாடியில் நான்கு தொட்டி வைக்க அனுமதி கேட்டுக் குடியிருப்புக் கமிட்டிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்க விண்ணப்பம் எழுதினேன். தளத்தில் ஈரம் இறங்கும் என்று ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். நான் மறுபடி மூன்று பக்கம் எழுதினேன். அவர்கள் மாடிக்கதவின் பூட்டை மாற்றினார்கள்.

ஐப்பசியில் பால்கனிக் கொடி கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, வளைந்து, எதிர் பிளாக்கின் சுவரில் விழும் வெயிலைப் பார்த்தபடி நின்றது. அம்மாவும் பக்கத்தில் நின்றாள்.

கார்த்திகை பிறந்ததும் சொன்னாள்: "தம்பி வீட்டுல போயி இருக்கேன் ஏட்டி."

"எத்தனை நாளைக்கு?"

"போறதுக்கு மட்டும் டிக்கெட் போடு."

"இங்கே என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்ல. குளிக்கேன், சாப்பிடுதேன், லிஃப்ட்ல எறங்குதேன், ஏறுதேன்." பிறகு, "சாயங்காலம் நீ வாரதுக்குள்ள நாலுவாட்டி எறங்கி ஏறிருதேன்," என்றாள்.

ஹௌரா ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவள் கையசைத்துக்கொண்டே என் பின்னால் எதையோ பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் நீளமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பம்ப் ரூம் சுவர்

பொங்கலன்று எனக்கு லீவு இல்லை. குக்கரில் ஒரு கை அரிசி போட்டு இறக்கிவிட்டு ஆபீஸ் போனேன். நொலேன் குர் வாங்கவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் பிளாக்கின் காவலாளி மனைவி காஜோல் தீதி காலையில் கதவைத் தட்டினாள். "உன் அம்மாவின் ஷீம் காய்த்திருக்கிறது. பறிக்கட்டுமா, விடட்டுமா?"

ஷீம் என்றால் அவரை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கே?"

பின்பக்கம் பம்ப் ரூமுக்குக் கூட்டிப்போனாள். தெற்குப் பார்த்த சுவர். காலடியில் ஒரு கை அகலத்துக்கு மண். அதிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக ஏறி, கூரையில் படர்ந்து, ஓரத்தில் கத்தரிப்பூ நிறக் கோடு ஓடும் காய்கள் கொத்துக் கொத்தாக. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

நாலுவாட்டி இறங்கி ஏறிய அம்மா, இந்தக் கட்டடத்தைச் சுற்றி வெயிலைத் தேடியிருக்கிறாள். கண்டுபிடித்து விதையும் ஊன்றியிருக்கிறாள். காஜோலிடம் பொறுப்பும் ஒப்படைத்திருக்கிறாள். அம்மாவின் பெங்காலியில் வினைச்சொல்லே கிடையாது. "காஜோல், ஜல், சகால், ரோஜ்." காஜோல், தண்ணீர், காலை, தினம். காஜோல் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரித்தாள். மூன்று மாதமாக ஊற்றியிருக்கிறாள்.

அங்கேயே நின்று கோவில்பட்டிக்கு போன் போட்டேன்.

"காய்ச்சிருச்சா?" என்றாள் எடுத்ததும்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதுக்கும் நீ ஒரு அப்ளிகேஷன் எழுதுவே. அவன் கூடாதுன்னு எழுதிப்புடுவான்."

காஜோலுக்கு ஒரு கூடை பறித்துக் கொடுத்தேன். ஆறு காயை மட்டும் காம்போடு, கத்தரிக்கோலால் கொடியிலிருந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, டாலிகஞ்ச் போனேன். வீடு கட்டி முடிகிறவரை மாஷிமா அங்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். துணியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"நீ நறுக்காமல் கொண்டுவந்திருக்கிறாய். படித்த பெண்," என்றார். பிறகு, "லொக்கி வரவில்லையா? அப்படியானால் இந்த வருஷம் உனக்காக யார் சாப்பிடுவது?"

கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"சரி, சரி. என் பிள்ளையோடு சேர்த்து உனக்கும் நானே சாப்பிட்டு விடுகிறேன். என்ன, அவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட மாட்டேன்."

நெற்று

மீதிக் காயை வாரக்கணக்கில் சமைத்தேன். தேங்காய் போட்டு, கடுகெண்ணெயில் தாளித்து, அம்மா செய்தபடியே. ஒவ்வொரு முறையும் போனில் கேட்டுக்கொண்டேன். நாரை எந்த முனையிலிருந்து உரிப்பது, தண்ணீர் எவ்வளவு தெளிப்பது. "இதுகூடத் தெரியாதா," என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூரை ஓரத்துப் பத்துக் காயை மட்டும் விதைக்கு விடச் சொன்னாள். மாசி முழுக்க ஆபீஸ் போகுமுன் பின்பக்கம் போய் அவற்றைப் பார்ப்பேன். பச்சை மங்கியது. மஞ்சளானது. தோல் சுருங்கி, உள்ளே விதையின் முதுகு ஒவ்வொன்றாகப் புடைத்தது. அவை காயக் காய எனக்கு ஏனோ பயமாக இருந்தது. அம்மா மறுபடி வர இந்த ஊரில் ஒரு காரணம் இருக்கிறதென்றால் அது இதுதான். இதையும் நானே பறித்து முடிந்து வைத்துவிட்டால் அதுவும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கேட்டாள். "நெத்து காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு. ஆட்டினா சத்தம் வருது."

"அப்ப பறிச்சிரு. ஒடைச்சு, பொக்கு விதையைத் தள்ளிட்டு, நல்லதைச் சாம்பல்ல பொரட்டி முடிஞ்சு வையி. ஆடிக்கு நீயே ஊனிரலாம்."

"பொக்கு எது, நல்லது எதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

சாக்குக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. அவ்வளவு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேனே தவிர, அவள் விரல் எதை ஒதுக்குகிறது என்று தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. 'தெரியாது' என்று அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சமையலைக் கேட்டபோதுகூட, "ஒருதடவை சரிபார்த்துக்கிறேன்," என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அந்தப்பக்கம் மாமா வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பைக் குறைத்தார்கள்.

"எனக்குத் தெரியாது. நீ வந்து எடு," என்றேன்.

இன்னொரு விசில்.

"சரி," என்றாள் அம்மா. "டிக்கெட் பாரு."

"எந்தத் தேதிக்கு?"

"தேதி நீ பாரு. நெத்து வெடிச்சுச் செதறதுக்குள்ள போடு. ஜன்னல் ஓரமா." போனை வைக்கப் போனவள் மறுபடி, "ஏட்டி, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னு பாத்துப் போடு, என்ன?" என்றாள்.

லேப்டாப்பைத் திறக்கவில்லை. முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவள் ரயில் மாறுகிற சென்னையிலிருந்து கல்கத்தாவரை ஒரு கோடு போட்டேன். வலது ஓரத்தில் கிழக்கு என்று எழுதினேன்.